வேலாயி சோம்பேறியான கதை

வேலாயி தன் வாயாலேயே தன்னைச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இதை எழுதும்போது நடுநடுவே எனக்குச் சூடு ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அம்சவேணி. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். நீலகிரியில் நெல்லியாளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். காய்ச்சல், அட்டைக்கடி, பிரசவம், குடித்துவிட்டு விழுந்தவன் மண்டை எல்லாமே முதலில் என் கைக்குத்தான் வரும். உடம்பு சரியில்லாதபோது மனிதர்கள் பொய் சொல்வது குறைவு. அதனால் அந்த எஸ்டேட்டில் யார் எப்படி என்று எனக்கு ஓரளவு தெரியும்.

வேலாயி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் வயது வந்த சமயத்தில், உங்கள் ஊர் இந்தியா என்று சொல்லிக் குடும்பத்தோடு கப்பல் ஏற்றிவிட்டார்கள். இந்தியாவை அவள் தகப்பன்கூடப் பார்த்தது கிடையாது. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வெயிலில் காய்ந்தார்கள். பிறகு நீலகிரி என்று எழுதி ஒரு சீட்டைக் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினார்கள். மலை ஏறி, தேயிலைச் செடியைக் கண்டதும் அவள் அம்மா ஓவென்று அழுதாளாம். மனசு மாறித் திரும்ப இலங்கைக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷத்தில் அழுத அழுகை அது.

எஸ்டேட் வீட்டு வரிசையை நாங்கள் லைன் என்போம், வேலாயி லயம் என்பாள். காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்பாள். மேனேஜர் அவளுக்கு எப்போதும் துரைதான். அவள் சொல்லிச் சொல்லி எங்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது. கல்யாணம் ஆயிற்று, விஜயா என்று ஒரு பெண் பிறந்தாள். நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறிய புருஷன் ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து செத்துப்போனான். காரியம் முடிந்த மறுநாள் வேலாயி வேலைக்கு வந்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் பேசினார்கள். அவள் வீட்டில் இருந்து அழுதிருந்தால் அப்படிப் பேசியவர்கள் சோறு போட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். விஜயா வளர்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள், அங்கேயே ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள்.

கொழுந்து எடுப்பதில் வேலாயியை மிஞ்ச அந்த எஸ்டேட்டில் ஆள் கிடையாது. அவளுடைய இரண்டு கைகளும் இரண்டு தனி ஆட்கள் போல வேலை செய்யும். கண் ஓர் இடத்தில் இருக்கும், கை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டிருக்கும். முற்றல் இலை ஒன்றுகூட அவள் கூடையில் விழாது. நான் சும்மா பொழுதுபோக்காகப் போய் நின்று பார்த்திருக்கிறேன். வேலை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பொறாமையாக இருக்கும்.

எங்கள் எஸ்டேட்டில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு தேயிலை வரிசை பிரித்துக் கொடுப்பார்கள், அதற்கு நிரை என்று பெயர். வயிற்றுப் பிள்ளைக்காரியோ, பிள்ளை பெற்று வந்த பச்சை உடம்புக்காரியோ, காய்ச்சலோடு வந்தவளோ ஒரு நிரையில் நின்றால், அக்கம்பக்கத்து நிரைக்காரிகள் போகிற போக்கில் அவள் கூடையில் ஒரு பிடி கொழுந்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவள் கேட்கவும் மாட்டாள், நன்றி சொல்லவும் மாட்டாள். சாயங்காலம் நிறுக்கும்போது எல்லோர் எடையும் ஒரு மாதிரியாகச் சரியாக இருக்கும். பிடி போடுவது என்பார்கள். துரைக்கு இது தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்தும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வது மேஸ்திரி வேலையில் ஒரு பகுதி.

வேலாயிக்கு அடுத்த நிரை தபித்தாளுடையது. அவள் தாராபுரத்துக்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு சொந்தமும் இல்லை. ஆனால் வாய் மட்டும் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்ட பிரசங்கத்தைத் திங்கட்கிழமை முழுதும் தேயிலைச் செடிகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். வேலாயியோ கேட்டால்தான் பதில் சொல்கிறவள். இந்த இரண்டு பேரும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

தபித்தாளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. நான்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன், தொட்டதுமே பயந்தேன். கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். அங்கே வலது மார்பை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள். அதன் பிறகு அவள் வலது கை வீங்க ஆரம்பித்தது. சிலருக்கு அப்படி ஆகும். கொஞ்ச நேரம் நீட்டி வேலை செய்தால் போதும், முழங்கைக்குக் கீழே தடித்துப் பளபளவென்று ஆகிவிடும். பாரம் தூக்கக்கூடாது, இழுத்து வேலை செய்யக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொழுந்து எடுக்கிறவளிடம் இதைச் சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

வயிற்றில் கட்டி என்றுதான் தபித்தாள் லயத்தில் சொல்லி வைத்திருந்தாள். மார்பை எடுத்தது தெரிந்துபோவது அவளுக்குச் சாவைவிட வெட்கம். எனக்கும் வேலாயிக்கும் மட்டும் தெரியும். என் கையைப் பிடித்துத் தன் பைபிள் மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். நான் பழனி முருகனைக் கும்பிடுகிறவள். இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே. வீக்கம் தெரியாமல் இருக்க அவள் எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டு, அதன் மேல் ஒரு துணியையும் சுற்றிக்கொள்வாள். குளிர் என்பாள். நீலகிரியில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அதிலிருந்து வேலாயி அவள் கூடையில் பிடி போட ஆரம்பித்தாள். பிடி என்று பேச்சுக்குச் சொல்கிறேன். தராசுக்குப் போகிற வழியில், தபித்தாள் கண்ணில் படாமல், தன் கூடையில் பாதிக்கு மேலே அள்ளி அந்தக் கூடையில் கொட்டுவாள். பாரம் தூக்கக்கூடாதே என்று இரண்டு கூடையையும் தானே சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோவாள். மலையாளி மேஸ்திரி லூயிஸ் நிறுப்பார். தபித்தாள் தராசுப் பக்கமே வருவதில்லை. எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி போடுகிறார்கள், தன் எடை எப்படியோ ஒப்பேறுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் தேயிலை விலை விழுந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். பறிக்கிற கூலிக்கே விலை கட்டவில்லை என்றார்கள். பக்கத்தில் இரண்டு ஃபாக்டரிகளில் புகை நின்றது. வாலிபர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறினார்கள். சம்பளம் அட்வான்ஸ் என்ற பெயரில் துண்டுதுண்டாக வந்தது, எதற்கு எவ்வளவு என்று ஒருவருக்கும் புரியாது. கடைசியில் எஸ்டேட்டின் மேல் பக்கத்தை அப்படியே காடாக விட்டுவிடுவது என்றும், ஆட்களைக் குறைப்பது என்றும் கம்பெனி முடிவு செய்தது. யாரைக் குறைப்பது? அதற்கு ஒரு வார்த்தை கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து மலை ஏறி வந்தது. பெர்பார்மன்ஸ்.

அந்த வார்த்தையைக் கூட்டிக்கொண்டு ஜீவா என்ற பெண் வந்தாள். சின்ன வயது. எம்.பி.ஏ. படித்தவள். தங்க இடம் இல்லாததால் என் குவார்ட்டர்ஸில் விட்டார்கள். வந்த அன்றே அவளை வெறுத்துவிடுவது என்று தீர்மானித்து வைத்திருந்தேன். அவளோ என்னை அக்கா அக்கா என்று அழைத்து, நான் வைத்த கொள்ளு ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்து, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டாள். அப்படிப்பட்டவளை எத்தனை நாள் வெறுப்பது?

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். எடை, வராத நாள், இலையின் தரம், நடத்தை எல்லாம் பார்த்து ஏ, பி, சி என்று மார்க். சி வாங்கினால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயர் இருக்காது. செக்ரோலில் பெயர் இல்லை என்றால் லயத்தில் வீடும் இல்லை. சங்கத்துக்காரர்கள் முதலில் கத்தினார்கள். எஸ்டேட்டையே மூடிவிடுவோம் என்றதும் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் ஒரு தாள் வந்தது. மாதம் எத்தனை நோயாளி பார்க்கிறேன் என்று ஒரு கட்டம். நோயாளி குறைந்தால் நான் நல்ல நர்ஸா, வெட்டியாக உட்கார்ந்திருக்கும் நர்ஸா என்று ஜீவாவிடம் கேட்டேன். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். யோசிக்கிறாளே என்று எனக்கு அவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆள் குறைப்பு என்று காதில் விழுந்ததும் வேலாயி பயந்தாள். தனக்காக இல்லை. தபித்தாளுக்கு எடை குறைந்துவிடக்கூடாதே என்று இன்னும் கூடுதலாக அள்ளிக் கொட்டினாள். அளவு தெரியாமல் கொடுத்தாள். லூயிஸ் ஒருநாள் டிஸ்பென்சரிக்கு வந்து, பல்வலி என்று உட்கார்ந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"சிஸ்டரே, ஆ வேலாயி பண்றது சரியாவாது. தபித்தாளுக்கு இப்ப எஸ்டேட்லயே ஃபர்ஸ்ட் எடை. வேலாயி எல்லாருக்கும் அடியில கெடக்கறா. நான் வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் வேலை போவும், என்னோடதும் போவும்."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா மேஸ்திரி?"

"சொன்னேன். ஒன் தராசப் பாருன்னுட்டா."

அவருக்குப் பல்வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். பல்லில் ஒன்றும் இல்லை.

ஜீவா கெட்டிக்காரி. பழைய எடைகளைப் புரட்டியபோது அவளுக்கு ஒன்று உறுத்தியது.

"அக்கா, இந்த வேலாயிங்கறவங்க கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் முதல்ல இருந்திருக்காங்க. இப்ப ஒரேயடியா கீழ போயிட்டாங்க. உடம்புக்கு ஏதாவதுங்களா?"

"அவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க" என்றேன். அது உண்மைதான். அதற்கு மேல் பேசினால் சத்தியம் உடைந்துவிடும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"அப்ப நேர்ல போய்ப் பாத்துட்டே எழுதறேன். வர்றீங்களா?" என்றாள்.

மறுநாள் காலையில் போனோம். பனிமூட்டம் அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. வேலாயி எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். தபித்தாளைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டு, வேண்டுமென்றே மெதுவாகப் பறிக்க ஆரம்பித்தாள். ஒரு கொழுந்தைக் கிள்ளுவாள், அதைப் பார்ப்பாள், கூடையில் போடுவாள். நல்ல கொழுந்தை விட்டுவிட்டு முற்றல் இலையைப் பிய்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கை அவள் சொன்னதைக் கேட்கவில்லை. கொஞ்சம் கவனம் தப்பினால் போதும், விரல்கள் பழைய வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடும். சட்டென்று உணர்ந்து கையை இழுத்துக்கொள்வாள். மறுபடி ஓடும், மறுபடி இழுப்பாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜீவா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உங்களுக்கு நல்லா எடுக்கத் தெரியுதுங்க. அப்புறம் ஏன் எடை வர்றதில்ல?"

வேலாயி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "சோம்பேறித்தனந்தாங்கம்மா."

"என்னங்க?"

"மெய்யாத்தான் சொல்றேன். வெயில் ஏறிச்சின்னா ஒக்காந்துருவேன். மேலு வணங்காது. வயசாகிருச்சு, வேலை செய்ய மனசு ஏவ மாட்டேங்குது. அப்பிடியே எழுதிக்கங்க."

புருஷன் காரியத்துக்கு மறுநாள் வேலைக்கு வந்தவள் சொல்கிறாள் இதை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜீவா ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு எழுதினாள். ஒருத்தி தன்னைப் பற்றி இவ்வளவு மோசமாகப் பொய் சொல்வாள் என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சாயங்காலம் என் அடுப்படியில் உட்கார்ந்து ஜீவா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏனுங்க ஜீவா, தராசு கூடையத்தானுங்க நிறுக்குது? எடுத்த கைய நிறுக்கறதில்லையே?"

"அதான் நேர்ல போய்ப் பாத்தேனுங்கக்கா. அவங்களே சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்துக்கு மட்டும் வந்த கண்ணீராகத் தெரியவில்லை. "எனக்கும் மேல ஒருத்தர் உக்காந்து மார்க் போட்டுட்டு இருக்கார்ங்க. எல்லாருக்கும் பி போட்டுக் கொண்டு போனா எனக்கு சி."

மறுநாள் வேலாயியைக் குழாயடியில் பிடித்தேன். குடம் நிரம்புகிற வரையில்தான் அவள் நிற்பாள் என்பதால் நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமாங்க? பேரை எடுத்துட்டா எங்க போவீங்க?"

"எனக்கு மக இருக்கா நர்ஸம்மா. திருப்பூருக்குப் போயிருவேன். தபித்தாளுக்கு யாரு இருக்கா?"

"திருப்பூருக்கா? போன தடவ போயிட்டு அந்த வெக்கையில மூச்சு முட்டுதுன்னு மறு பஸ்ஸுலயே ஓடி வந்தீங்களே!"

குடத்துக்குள் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மலையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருமுறை கடல் தாண்டிப் பிடுங்கி நட்டாயிற்று. இன்னொரு முறை பிடுங்கினால் தாங்குமா?

"ஏன்தான் இப்படிப் பண்றீங்க அக்கா?"

"பக்கத்து நிரையில அவ பேச்சு கேக்கலேன்னா எனக்குக் கை ஓடாது" என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க. ஒங்க முருகன் மேல ஆணை."

ஏற்கெனவே பைபிள், இப்போது முருகன். இரண்டு பக்கமும் கட்டிப்போட்டு என்னை நிற்க வைத்துவிட்டார்கள்.

மார்க் சொல்லும் நாள் வந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சாரல் அடித்தது. ஆபீஸ் வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். சி வாங்கியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஜீவா கேட்டுப் பார்த்திருக்கிறாள். சங்கத்துக்காரர்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாக, காரணத்தோடு படிக்கவேண்டும் என்றார்கள். துரைக்கும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. அவரும் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்குக் காகிதத்தைத் தவிர வேறெதையும் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

முதலில் நல்ல செய்தி. எஸ்டேட்டிலேயே முதல் மார்க் தபித்தாள். பரிசு ஒரு கம்பளி.

தபித்தாள் திருதிருவென்று விழித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். போய் இடது கையால் கம்பளியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவள் அதை ஏதோ தர்மம் என்று நினைத்திருக்கவேண்டும். வேலாயி தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவளை ஓர் அறை அறையலாம் போலவும், கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பிறகு சி. ஒவ்வொரு பெயராகத் துரை படித்தார். படித்த ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் சலசலப்பு எழுந்து அடங்கியது. கடைசியாகப் படித்தார்.

"வேலாயி. எடை குறைவு. காரணம், சோம்பேறித்தனம். தானே ஒப்புக்கொண்டது."

தபித்தாள் சிரித்துவிட்டாள். ஆளை மாற்றிப் படித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அக்கம்பக்கத்தில் ஒருவரும் சிரிக்காததைப் பார்த்தாள். பிறகு வேலாயியைப் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த கம்பளியைப் பார்த்தாள். இரண்டு கூடையையும் ஒருத்தியே தூக்கிக்கொண்டு போனது எதற்கு என்பது அவளுக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

நேராக மேஜைக்கு நடந்தாள். கம்பளியை வைத்தாள். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள், சட்டைக் கையைப் பல்லால் கடித்து இழுத்து மேலே ஏற்றினாள். தடித்துப் பளபளத்த அந்தக் கை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எது இந்த லயத்தில் யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்று பயந்து பயந்து மூடி வைத்திருந்தாளோ, அதை நடுக்களத்தில் திறந்து காட்டினாள்.

"இந்தக் கைக்குத்தானுங்க நீங்க மொத மார்க் குடுத்திருக்கறீங்க. நல்லாப் பாத்துக்கோங்க. எனக்கு மாரை எடுத்துப்போட்டாங்க. அதுல இருந்து என்ற கை இப்படித்தானுங்க கெடக்குது. இதால ஒரு கூடை ரொப்ப முடியுங்களா? என்ற கூடையில இருந்ததெல்லாம் அவ எடுத்த கொழுந்துங்க. அவளைப் போயி சோம்பேறிங்கறீங்களே, வாய் வேகாதுங்களா உங்களுக்கு!"

"பொய்யிங்க தொரை!" வேலாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "காச்சல்ல பெனாத்துறா. நான் சோம்பேறிதான். மெய்யாத்தான் சொல்றேன், நான் சோம்பேறிதான்!"

இரண்டு பேரும் ஒருத்தி வாயை ஒருத்தி மூடப் பார்த்தார்கள். லூயிஸ் மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "தபித்தாள் சொல்றது சத்தியம் சார். நிறுத்தது நாந்தான். எனக்குத் தெரியும்."

ஜீவா எழுந்தாள். துரையின் கையில் இருந்த தாளைக் கேட்காமலேயே வாங்கினாள். "சார், இது நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன்" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வேலாயியின் பெயர் செக்ரோலில் நின்றது. தபித்தாளின் பெயர் போயிற்று. உடல் தகுதி இல்லை என்று எழுதினார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும். எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலையாவது கொடுக்கவேண்டும் என்று ஜீவா தன் ஆபீஸுக்கு நான்கு பக்கம் எழுதினாள். பதில் வந்தது. முடியாது என்பதை நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். லூயிஸை ஃபாக்டரிக்கு மாற்றினார்கள். சி வாங்கிய மற்றவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது முடியாது.

களத்தில் நடந்ததிலிருந்து வேலாயி தபித்தாளோடு பேசவில்லை. அப்படி ஒரு கோபம். நான் கொடுத்ததைத் தெருவில் கொட்டிவிட்டாளே என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். தபித்தாளும் வலியப் போய்ப் பேசவில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வாசலில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு பொங்கினார்கள். நடுவில் நான் அலைந்தேன்.

காலி செய்யவேண்டிய நாள் மத்தியானம் தபித்தாளின் கைக்குக் கட்டுப் போடப் போயிருந்தேன். அவளுக்குப் போக இடமில்லை. பந்தலூரில் சபைக்காரர்கள் யாரோ கொஞ்ச நாள் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். நான்கு பாத்திரம், ஒரு பாய், பைபிள் எல்லாம் வாசலில் இருந்தன. அப்போது வேலாயி வந்து நிலைப்படியில் நின்றாள். வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறாள், கொழுந்து எடுக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படுதாவைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்னாத்துக்குடி சொன்ன?" என்றாள். இத்தனை நாள் தேக்கி வைத்ததெல்லாம் குரலில் இருந்தது. "ஒனக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்த வேலையை நீயே கெடுத்துக்கிட்டியே. நான் எப்பிடியோ போயிட்டுப் போறேன்னு விட வேண்டியதுதான?"

தபித்தாள் நிமிர்ந்தாள். நாள் முழுதும் செடிகளுக்குப் பிரசங்கம் செய்கிறவள் அன்றைக்கு வார்த்தைகளைத் தேடினாள்.

"கஞ்சி இல்லாட்டிப் போவுதுன்னு இருந்துக்குவேன் வேலாயி. உன்னையச் சோம்பேறின்னு அத்தன பேர் முன்னால படிக்கறதக் கேட்டுட்டு அந்தக் கஞ்சிய எப்படிடி முழுங்கறது?"

"நானே சொன்னதுதானடி அது."

"நீ சொல்லிக்குவ. நான் கேட்டுட்டு இருக்கோணுமாக்கும்?"

வேலாயி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் செத்தபோதும் நான் பார்க்காத அழுகையை அன்றைக்குப் பார்த்தேன். சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. தபித்தாள் தன் நல்ல கையை அவள் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கட்டுத் துணியை எடுத்து வைக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வேலாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தபித்தாளின் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இடுப்பில் வைத்தாள், பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பந்தலூர் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. அடுத்த வாசலில் தன் வீட்டுக் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள்.

"வெறகு உள்ள இருக்கு. சாயங்காலம் நான் வாறதுக்குள்ள ஒல வச்சிரு" என்று சொல்லிவிட்டு, மறுபடி வேலைக்குப் போனாள்.